பியர்லாண்டில் கீமோ எடுக்கும் மகளோடு தனியாக இருக்கிறேன், பெரில் புயல் வருகிறதாம். என்ன செய்து வைக்க வேண்டும்?

மகளோடு அம்மா | ஜூலை 6, 2024, சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஹூஸ்டன் வந்தவள் நான். ஏப்ரலில் அவளுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று சொன்னார்கள், அதோடு இங்கேயே இருந்துவிட்டேன். அவளுக்கு 34 வயது. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு. நாலாவது போன திங்கட்கிழமை, ஜூலை 1 அன்று முடிந்தது. மறுநாளிலிருந்து வெள்ளை அணு ஏறுவதற்குத் தினம் ஒரு ஊசி, பத்து நாளைக்கு. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றில் நானே போடுகிறேன், முதல் இரண்டு நாள் கை நடுங்கியது, இப்போது இல்லை. இன்னும் ஐந்து ஊசி ஃபிரிட்ஜில் இருக்கிறது.

மாப்பிள்ளை வேலை விஷயமாக நேற்று டென்வர் போனார். திங்கள் இரவு திரும்ப டிக்கெட். அவர் கிளம்பும்போது புயல் மெக்சிகோ பக்கம் போகிறது, மிஞ்சினால் டெக்சாஸின் தெற்கு மூலை என்றுதான் டிவியில் காட்டினார்கள். இன்று பார்த்தால், புயல் போகக்கூடிய வழியைக் காட்டும் அந்தக் கூம்பு மேலே ஏறி, ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே கடலோரம் இருக்கும் மட்டகோர்டா பக்கம் வந்து நிற்கிறது. மகள் "சின்னப் புயல்தாம்மா, கரெண்ட் போகும் வரும்" என்கிறாள். நாலு நாள் முன்னால் கரீபியனில் ஐந்தாம் வகைப் புயலாக இருந்தது இதுதானே என்றேன், பதில் இல்லை.

ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாண்டில் அபார்ட்மென்ட், இவர்கள் கணக்கில் இரண்டாம் மாடி, நம் கணக்கில் முதல் மாடி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டுமா, இங்கேயே இருக்கலாமா? ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டனில் 22 வருஷம் | ஜூலை 6, சனி இரவு

வணக்கம் அக்கா. முதலில் ஒன்று, பயந்துபோய் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு யாரோடும் கிளம்பிவிடாதீர்கள். 2005இல் ரீட்டா புயலுக்கு இந்த ஊரே ஒரே நேரத்தில் ரோட்டில் இறங்கியது. நானும் இறங்கினேன், 14 மணி நேரத்தில் 60 மைல் போனேன், ஏசி போட்டால் பெட்ரோல் தீரும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் புயலில் செத்தவர்களில் பெரும்பாலோர் காற்றிலும் வெள்ளத்திலும் சாகவில்லை, ஓடுகிற வழியில்தான் செத்தார்கள். இங்கே பழைய ஆட்கள் சொல்வது, தண்ணீர் என்றால் ஓடு, காற்று என்றால் ஒளிந்துகொள். நீங்கள் கடலோரத்தில் இல்லை, மாடியில் இருக்கிறீர்கள். உங்கள் கட்டடம் வெள்ளப் பகுதிக்குள் வருகிறதா என்று மட்டும் மகளை மேப்பில் பார்க்கச் சொல்லுங்கள். 2017 ஹார்வி புயலில் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று ஆபீஸில் கேட்டாலும் தெரிந்துவிடும்.

"சின்னப் புயல்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கரை கடக்கும் இடத்துக்கு வலது பக்கம்தான் அடி பலமாக விழும். மட்டகோர்டாவில் ஏறினால் ஹூஸ்டனும் பியர்லாண்டும் அந்த வலது பக்கத்தில் இருக்கின்றன. மே 16 சூறைக்காற்றில் டவுன்டவுன் கட்டடங்களின் கண்ணாடியெல்லாம் தெருவில் கிடந்ததே, அப்போதே பாதி மரங்களும் கம்பங்களும் ஆட்டம் கண்டாயிற்று. என் கணக்கு, கரெண்ட் போனால் ஒரு நாளில் வராது. காற்று ஆறு மணி நேரம், அதற்கப்புறம் வெயில் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குத் தயாராகுங்கள்.

உங்களுடையது கேட் போட்ட அபார்ட்மென்டா? அப்படியானால் கரெண்ட் போனதும் கேட் அப்படியே நின்றுவிடும், சிலது திறந்தபடி, சிலது மூடியபடி. மகளின் காரை நாளை மாலையே டேங்க் நிரப்பி, மரம் இல்லாத இடமாகப் பார்த்து, கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். சாவி யாரிடம் கொடுத்தால் ஓட்டுவார்கள் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகமாவது தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையில் போய்க் கதவைத் தட்டுங்கள், வெட்கப்படாதீர்கள்.

குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வையுங்கள், அது டாய்லெட்டுக்கு. குடிக்கத் தனியாகப் பாட்டில். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பு வந்தால், உங்கள் அடுப்பு கரெண்ட் அடுப்பாக இருந்தால் எதில் கொதிக்கவைப்பீர்கள்?

கோயில் பக்கம் | ஜூலை 6, சனி இரவு

அம்மா, நாங்கள் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில்தான். வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. இரண்டு குடும்பம் ஏற்கெனவே வருகிறார்கள், குழந்தைகளோடு பதினொரு பேர் ஆகிறது, நீங்களும் மகளும் வந்தால் ஒரு அறை ஒழித்துத் தருகிறேன். தனியாக இருக்காதீர்கள்.

இரவுப்பணி | ஜூலை 7, ஞாயிறு விடிகாலை 3 மணி

அம்மா, நான் இங்கே புற்றுநோய் வார்டில் நர்ஸ். பிரேக்கில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

"கோயில் பக்கம்" அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மனசு பெரிது, ஆனால் அந்தப் பிள்ளை பதினொரு பேர் இருக்கும் வீட்டுக்கு இப்போது வரக் கூடாது. கீமோ முடிந்து ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரைதான் வெள்ளை அணு பாதாளத்தில் இருக்கும். ஜூலை 1 கீமோ என்றால் புயல் கரையேறும் அன்றைக்கே அந்த ஒரு வாரம் ஆரம்பிக்கிறது. ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் போதும். பொது முகாமுக்கும் இதே பதில்தான், வேறு வழியே இல்லை என்றால் போகலாம், அதுவரை வேண்டாம். பணம் ஒத்துவந்தால், பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் மெடிக்கல் சென்டர் பக்கம் ஒரு ஹோட்டல் அறை எடுப்பதுதான் என் முதல் யோசனை. ஆனால் இந்நேரம் கிடைப்பது கஷ்டம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலை தெர்மாமீட்டர். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தது. காலை, மதியம், மாலை, படுக்கும் முன், அப்புறம் அவளுக்கு நடுக்கமோ அசதியோ இருந்தால் உடனே. தண்ணீர் குடித்தால் கால் மணி நேரம் கழித்து எடுங்கள். 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் ஒரே ஒரு தடவை காட்டினாலும் ஆஸ்பத்திரியின் 24 மணி நேர நம்பருக்குப் போன் செய்து, சொல்கிறபடி கிளம்ப வேண்டும். போன் கிடைக்காவிட்டால் கேட்காமலே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அணு இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, வீங்காது, சிவக்காது, பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், அதுவும் வந்தால் மளமளவென்று முற்றும். இப்படி வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும் என்பது இங்கே விதி.

ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால் அட்டை உங்கள் கைப்பையில் இருக்கிறதா? கட்டாயம் இருக்கும், என் அம்மாவிடமும் இருக்கிறது. இங்கே டைலனால் என்று விற்பதும் அதுதான். டாக்டரைக் கேட்காமல் அவளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலை அது மூடிவிடும், உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும். தலைவலிக்குக்கூட முதலில் தெர்மாமீட்டர், அப்புறம்தான் மாத்திரை.

கரெண்ட் போய் வீடு வெந்துகொண்டிருக்கும்போது "இது காய்ச்சல் இல்லை, வெக்கை" என்று அவளே சொல்வாள். எல்லா நோயாளிகளும் சொல்வார்கள். வெக்கையா காய்ச்சலா என்று நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், அவளும் செய்ய வேண்டாம், அது எங்கள் வேலை.

ஊசி பற்றி. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அந்த மருந்து வெளியே சாதாரணமாக 24 மணி நேரம் வரை இருக்கலாம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கடைக்காரரை நாளையே கூப்பிட்டுப் பெட்டியில் உள்ள பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள், ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிடக் கூடாது. நாலு மணி நேரம் தாண்டிய சமையல், தயிர், பால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அவளுக்கு வயிற்றுக் கோளாறு வருகிற நேரமில்லை இது.

இங்கிலீஷ் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவசர எண் 911ஐக் கூப்பிட்டு "டமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை லைனில் இணைப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நீங்களே சொல்லப் பழகுங்கள்: "மை டாட்டர் இஸ் ஆன் கீமோ, ஷி ஹேஸ் ஃபீவர்." எமர்ஜென்சி கவுன்டரில் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும். பெயர், இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம். அதைச் சொல்லிவிட்டால் கூட்டத்தோடு உட்காரவைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் உங்கள் ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பெல் அடித்துவிட்டது, போகிறேன்.

கோயில் பக்கம் | ஜூலை 7, ஞாயிறு காலை

சரி சிஸ்டர், அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. அம்மா, ஐஸ் வேண்டுமானால் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், உள்ளே வர மாட்டேன். தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மகளோடு அம்மா | ஜூலை 7, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், வெக்கை என்று சொல்வாள் என்ற இடத்தில் முறைத்தாள்.

ஹோட்டல் கிடைக்கவில்லை, நாலு இடம் பார்த்தாள். நாளைய ரத்தப் பரிசோதனையை ஆஸ்பத்திரி தள்ளிவைத்துவிட்டது, வெளிநோயாளிப் பிரிவு நாளை மூடலாம். அவசர நம்பர் மட்டும் இருக்கும் என்றார்கள். அந்த நம்பரையும் அந்த வாக்கியத்தையும் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மகள் ஆசிரியை மாதிரி உட்கார்ந்து பத்து தடவை சொல்லவைத்தாள். "கீமோ" என்று நான் சொல்வது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறதாம். சிரித்து எத்தனை நாளாயிற்று.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மெக்சிகோக்கார அம்மா, என் வயது இருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் என் அளவுதான். மகளின் தலையில் கட்டிய துணியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, தன் மகனைக் கூப்பிட்டு எங்கள் கதவைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பையன் போன் நம்பர் எழுதிக் கொடுத்தான், ட்ரக் கேட்டுக்கு வெளியே நிற்கும் என்றான்.

கடைக்காரர் எங்கள் ஊசிக்கு 24 மணி நேரம்தான் என்றார். பாராசிட்டமால் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். தெர்மாமீட்டருக்கு வேறு பேட்டரியும் வாங்கியாயிற்று.

சம்பந்தமில்லாத கேள்வி ஒன்று. எனக்கு ஆறு மாதம் ஆகஸ்ட் 4ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கு என்ன செய்வது?

ஹூஸ்டனில் 22 வருஷம் | ஜூலை 7, ஞாயிறு மாலை

அக்கா, விசாவில் அடித்திருக்கும் தேதியைப் பார்க்காதீர்கள், இந்த நாட்டுக்குள் நுழைந்தபோது பதிந்த ஐ-94இல் உள்ள தேதிதான் கணக்கு. அது முடிவதற்கு முன்பே, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 படிவம் போட வேண்டும், ஆன்லைனில் முடியும், டாக்டர் கடிதம் ஒன்று சேர்த்துப் போடுங்கள். ஆனால் அது அடுத்த வாரத்துக் கவலை. இன்று ராத்திரி ஜன்னல் இல்லாத இடமாகப் பார்த்து அவளைப் படுக்கவையுங்கள்.

ஹூஸ்டனில் 22 வருஷம் | ஜூலை 9, செவ்வாய் மதியம்

அக்கா எப்படி இருக்கிறீர்கள்? ஹாபி விமான நிலையத்தில் 84 மைல் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரெண்ட் போனது என்கிறார்கள். எந்தத் தெருவில் இருக்கிறது, எதில் இல்லை என்று காட்டுகிற மேப்கூட மின்கம்பெனியிடம் இல்லை. ஜனங்கள் வாட்டபர்கர் ஆப்பைத் திறந்து எந்தப் பர்கர் கடை திறந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் கரெண்ட் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நானே அப்படித்தான் ஏசி தேடிப் போய் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் அசைவம் தொட மாட்டேன் என்பது வேறு.

இரவுப்பணி | ஜூலை 9, செவ்வாய் இரவு

அம்மா, ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மகளோடு அம்மா | ஜூலை 11, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். மகள் தூங்குகிறாள். நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் காற்று கட்டடத்தைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஆரம்பித்தது. துணி மாட்டுகிற அறையில் மெத்தையை மடித்துப் போட்டு அவளைப் படுக்கவைத்திருந்தேன், மேலே அவளுடைய புடவைகளும் மாப்பிள்ளையின் சட்டைகளும் தொங்கிக்கொண்டு. ஜன்னல் சட்டத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்தது, வீட்டில் இருந்த துண்டு எல்லாம் போட்டேன். ஆறு இருபதுக்கு ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. அத்தனை காற்றிலும் அந்தச் சத்தம் நின்றதுதான் எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளையின் விமானம் ரத்து. அன்றைக்குச் சாயங்காலம் வரை சமாளித்தோம். வாசலில் யாரோ ஐஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், "கோயில் பக்கம்" தம்பி, நீங்கள்தான் என்று தெரியும். ஊசிகளைப் பூந்துண்டில் சுற்றி அதில் வைத்தேன். செவ்வாய்க் காலை ஊசியும் போட்டுவிட்டேன். ஆனால் வெயில் ஏற ஏற வீடு அடுப்பாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கீழ்வீட்டு ஜெனரேட்டர் புகை, மூடினால் புழுக்கம். அவன் ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தான், போய்ச் சைகையில் தள்ளிவைக்கச் சொன்னேன், தள்ளினான், பாவம்.

செவ்வாய் மாலை ஏழு மணிக்கு 99.6. எட்டு மணிக்கு 100.2. "வெக்கைம்மா" என்றாள். சிஸ்டர் எழுதியது அப்படியே நடந்தது. "வேண்டுமானால் நீ வைத்துப் பார், உனக்கும் இதே காட்டும், அப்புறம் என்னைத் தொந்தரவு பண்ணாதே" என்று தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்தாள். கோபத்தில் சொன்னாள். சரி என்று துடைத்து நானும் வாயில் வைத்துக்கொண்டேன். இருட்டில் டார்ச் அடித்து இரண்டு பேரும் பார்த்தோம். 98.4. அவள் ஒன்றும் பேசவில்லை. எட்டே முக்காலுக்கு மறுபடி அவளுக்கு எடுத்தேன், 100.6.

போனில் சிக்னல் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கோடு வரும், அங்கே நின்று மூன்று தடவை போட்டும் ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை. கேட்காமலே கிளம்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், அந்தப் பையன் செருப்புகூட மாட்டாமல் வந்தான். 288 நெடுஞ்சாலையில் ஏறும் வரைக்கும் ஒரு சிக்னல் விளக்கும் எரியவில்லை, ஒவ்வொரு சந்திப்பிலும் நாலு பக்கத்துக் காரும் நின்று நின்று ஒன்றொன்றாகப் போகின்றன. மெடிக்கல் சென்டர் மட்டும் கடல் நடுவில் கப்பல் மாதிரி வெளிச்சமாக இருந்தது.

எமர்ஜென்சியில் ஒரே கூட்டம், எல்லோர் வீட்டிலும் கரெண்ட் இல்லையே. கவுன்டரில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு நிமிடத்தில் தனி அறை. முக்கால் மணி நேரத்தில் மருந்து ஏறியது. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 200தான் இருந்ததாம், சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒரு தள்ளுவண்டியில் டேப்லட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். அதிலிருந்து "வணக்கம்மா, நான் மொழிபெயர்ப்பாளர், சொல்லுங்க" என்று ஒரு குரல். அதுவரை அழவில்லை நான்.

மாப்பிள்ளை டாலஸ் வரை விமானம் பிடித்து, அங்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு நேற்று வந்து சேர்ந்தார்.

இரவுப்பணி | ஜூலை 11, வியாழன் இரவு

100.2இல் விடாமல் முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தீர்கள் பாருங்கள், அம்மா, அதுதான். எங்கள் வார்டிலும் வீட்டில் கரெண்ட் இல்லாததால் அனுப்ப முடியாத நோயாளிகள் நிறைய. ஹூஸ்டனின் என்ஆர்ஜி அரங்கில் அப்படிப்பட்டவர்களுக்கென்று 250 படுக்கை போடுகிறார்கள். உங்களை அனுப்ப வந்தால் "வீட்டில் கரெண்ட் இல்லை" என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்த கீமோவுக்கு முன் 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, பேரிடர் சமயத்தில் உதவி தேவைப்படுவோர் பட்டியலில் மகளின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். டெக்சாஸ் முழுவதுக்கும் ஒரே பட்டியல். பதிந்தால் கட்டாயம் ஆள் வரும் என்று உத்தரவாதமில்லை, ஆனாலும் பதியுங்கள். புயல் பருவம் நவம்பர் 30 வரை இருக்கிறது.

கோயில் பக்கம் | ஜூலை 12, வெள்ளி

ஐஸ் நான்தாம்மா. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ராத்திரியே இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். சிஸ்டர் சொன்னது சரிதான்.

மகளோடு அம்மா | ஜூலை 14, ஞாயிறு

நேற்று மாலை வீட்டுக்கு வந்தோம். நியூட்ரோபில் 1,900. காய்ச்சல் வியாழனோடு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமையே அனுப்பப் பார்த்தார்கள், சிஸ்டர் சொன்னபடி சொன்னேன், கரெண்ட் வந்த செய்தி வரும்வரை ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள்.

ஃபிரிட்ஜைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை. மகளை அறைக்குள் போகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையும் நானும் முகமூடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினோம். எதிர்வீட்டு அம்மாவுக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை, கடையில் பழம் வாங்கிக்கொண்டு போனேன், அவர் பதிலுக்கு ஒரு தூக்கு நிறைய சூப் கொடுத்து அனுப்பினார். மகள் குடித்தாள்.

கடைசியாக ஒரு கேள்வி. மீதி இரண்டு ஊசி அந்த உருகின ஐஸ் தண்ணீரில் கிடக்கிறது. ஒவ்வொன்றும் என்ன விலை என்று இன்சூரன்ஸ் கடிதத்தில் பார்த்தேன், குப்பையில் போட மனசு வரவில்லை. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா?

இரவுப்பணி | ஜூலை 14, ஞாயிறு

வேண்டாம் அம்மா. ஐந்து நாள் வெளியே கிடந்த மருந்து அது, வேலை செய்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. குப்பையிலும் போடாதீர்கள். பழைய ஊசிகள் போடுகிற அந்தச் சிவப்பு டப்பாவிலேயே போட்டு மூடி வையுங்கள், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். புயலில் கெட்டுப்போனது என்று கடைக்காரரிடமும் இன்சூரன்ஸிலும் சொல்லி வையுங்கள், ஐந்தாவது கீமோவுக்குப் புது ஊசி கேட்கும்போது ஏன் பத்துக்குப் பதில் எட்டுதான் போட்டீர்கள் என்று கேள்வி வரலாம்.